புண்ணுக்கு மருந்து இருக்கு, காலுக்குக் கூலி?

"சர்க்கரை முத்திப் போச்சு, காலை எடுத்துட்டாங்க." ஆத்தூரிலிருந்து பரமத்தி வேலூர் வரைக்கும் எந்த வளவுக்குள் நுழைந்தாலும் இந்தப் பேச்சு காதில் விழும். மழை பேயாமப் போச்சு என்பதைப் போலச் சொல்வார்கள். கேட்பவரும் 'அவ்வளவுதான்' என்று தலையாட்டிவிட்டுப் போவார். இந்தத் தலையாட்டலை எதிர்த்துத்தான் இதை எழுதுகிறேன். சர்க்கரை தானாக வந்து காலை வெட்டுவதில்லை. சர்க்கரை நோயால் காலை இழந்தவர்களில் நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் முதலில் காலில் ஒரு புண் வந்திருக்கிறது. அந்தப் புண் ஆறியிருந்தால் அந்தக் கால் நின்றிருக்கும். அப்படியானால் அதை ஆறவிடாமல் செய்தது எது?

நடப்பது இதுதான். பல வருசம் சர்க்கரை கூடிக் கிடந்தால் பாதத்தின் நரம்பு மரத்துப்போகிறது. காலுக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்கள் சுருங்குகின்றன. கருவேல முள் ஏறினாலும், கண்ணாடிச் சில்லு கிழித்தாலும் உறைப்பதில்லை. உள்ளங்காலில் காய்ப்பு தடித்து, அதன் அடியில் சதை நசுங்கிப் புண்ணாகிறது. வலி இல்லாததால் அதே காலை ஊன்றி நடக்கிறோம். எடுத்துவைக்கும் ஒவ்வொரு அடியும் புண்ணின் மேல் விழும் சம்மட்டி அடி. கிருமி உள்ளே போய் எலும்பைத் தொட்ட பிறகுதான் காய்ச்சலும் நாற்றமும் வருகின்றன. அதற்குப் பிறகுதான் ஆசுபத்திரி.

இதை ஆற்ற முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆற்றும் வழி தெரிந்த வழிதான். செத்த சதையையும் காய்ப்பையும் செதுக்கி எடுக்க வேண்டும். காலுக்கு ரத்தம் வருகிறதா என்று நாடி பிடித்து, கருவி வைத்துப் பார்க்க வேண்டும். வரவில்லை என்றால் அடைப்பை நீக்காமல் எந்தக் கட்டும் பலிக்காது. கிருமி இருந்தால் அதற்கு மருந்து, சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்க ஊசி, புண் காயாமலும் நீர்த்துப்போகாமலும் காக்கும் கட்டு. இத்தனைக்கும் மேலாக, புண்ணின் மேல் பாரம் விழக்கூடாது.

பெரிய குழிப் புண்ணுக்கு உறிஞ்சு கட்டு என்று ஒன்று உண்டு. 1997இல் அமெரிக்காவில் அர்ஜென்டா, மோரிக்வாஸ் என்ற இருவர் இதைப்பற்றி விரிவாக எழுதினார்கள். புண்ணின் அளவுக்கு நுரைப்பஞ்சை வெட்டி உள்ளே வைத்து, மேலே காற்றுப் புகாத பிளாஸ்டிக் தாளை ஒட்டி, ஒரு குழாயைச் செருகி மோட்டாரால் உறிஞ்சுகிறார்கள். அழுத்தம் பொதுவாக 125 மி.மீ. பாதரசம். புண்ணில் ஊறும் நீர் வெளியேறுகிறது, ஓரங்கள் நெருங்கி வருகின்றன, அடியிலிருந்து சிவந்த புதுச்சதை ஏறுகிறது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கட்டு மாற்ற வேண்டும். விரலை எடுத்த பிறகோ, அறுத்துச் சுத்தம் செய்த பிறகோ பாதத்தில் விழும் பள்ளத்துக்கு இது கைகொடுக்கிறது. செத்த சதையை அப்படியே விட்டுவிட்டு மேலே மோட்டாரைப் பூட்டினால் பயன் இல்லை. ரத்தமே வராத காலுக்கும் இது உதவாது. ஆக இயந்திரம் இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்வி. செதுக்கவும், பார்க்கவும், நம் காலைத் தொடவும் ஆள் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி.

உள்ளங்கால் புண்ணுக்கு உலகம் முழுக்க முதல் சிகிச்சையாகச் சொல்லப்படுவது பாரம் இறக்கும் கட்டுதான். முழங்கால் வரைக்கும், நோயாளி கழற்ற முடியாதபடி போட வேண்டும். அதில் பழையதும் பேர்போனதும் மாவுக்கட்டு. அது எங்கே பிறந்தது தெரியுமா? 1930களில் இலங்கையில் மில்ராய் பாலும், இந்தியாவில் ஜோசப் கானும் தொழுநோயாளிகளின் காலில் போட்டுப் பார்த்த கட்டு அது. 1946இல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்த பால் பிராண்ட், விரல்கள் உதிர்வது தொழுநோய்க் கிருமி தின்பதால் நேர்வதில்லை, உணர்ச்சி செத்த கையும் காலும் ஓயாமல் அடிபடுவதால் நேர்வது என்று கண்டு சொன்னார். 1960களில் அவர்தான் இந்தக் கட்டை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். பின்னால் அது சர்க்கரைக் காலுக்கு மருந்தாயிற்று. தீண்டத்தகாதவர் என்று ஊரை விட்டுத் துரத்தப்பட்டவர்களின் காலில் கற்ற பாடம் உலகத்தின் பணக்காரக் கால்களைக் காப்பாற்றுகிறது. அந்தப் பாடம் நம் வளவுக்குத் திரும்பி வர இத்தனை காலமா?

செருப்புக்கு வருவோம். மரத்த காலுக்கு முதல் காவல் செருப்புதான். இந்தச் சீமையில் கவலை இறைக்கத் தோல் பறி தைத்தவர்கள் அருந்ததியர். பண்ணையக்காரர் காலுக்குச் செருப்புத் தைத்துக் கொடுத்தவர்களும் நாங்கள்தான். அதே செருப்பை மாட்டிக்கொண்டு ஊர்த்தெருவில் நடந்தால் அடி விழுந்தது. கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போக வேண்டும். தைத்தவன் காலுக்குச் செருப்பில்லை என்பதை வழக்கமாகவே ஆக்கி வைத்தது சாதி. இன்றைக்குச் சாக்கடைக்குள் இறங்குபவரும், சேகோ ஆலையில் ஈரத்தில் நிற்பவரும், சூளையில் கல் சுமப்பவரும், கோழிப்பண்ணையில் எரு அள்ளுபவரும் எந்தக் காலோடு நிற்கிறார்கள் என்று குனிந்து பாருங்கள். தேய்ந்த ரப்பர் செருப்பு, இல்லாவிட்டால் வெறுங்கால். தொழுநோயாளிக்கு அரசு இலவசமாகத் தரும் எம்.சி.ஆர். செருப்பு சர்க்கரைக் காலுக்கும் ஏற்றதுதான். மெத்தென்ற அந்த ரப்பர் அட்டை உள்ளங்கால் முழுக்கப் பாரத்தைப் பரப்புகிறது. அதைக் கேட்டு வாங்குவது நம் உரிமை.

எங்க பெரியப்பன் ஒரு நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்தவர். இடது பெருவிரலுக்குக் கீழே காசு அகலத்துக்குப் புண். ஓர் ஆசுபத்திரிக்குக் கூட்டிப்போனோம். கட்டுப் போட்ட அறையில் தள்ளி நின்றபடியே, "ஒரு மாசம் காலை ஊனக் கூடாது, தெரியுதா?" என்றார்கள். பெரியப்பன் சிரித்துக்கொண்டே, "ஊனாம இருந்தா கஞ்சி யாருங்க ஊத்துவாங்க?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. மறுநாள் விடியற்காலம் நாலரை மணிக்கு வண்டி தள்ளப் போனார். போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை, நாலு நாள் போகாவிட்டால் வேலையே இல்லை. மூணாவது மாசம் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். 'சொன்ன பேச்சைக் கேக்காத நோயாளி' என்று அங்கே பேசிக்கொண்டார்கள். கூலி இல்லாத ஓய்வை எழுதிக்கொடுத்துவிட்டு, கேட்கவில்லை என்று நோயாளியைக் குற்றவாளியாக்கும் இந்தப் பேச்சுக்குப் பெயர் மருத்துவமா?

1948ஆம் வருசச் சட்டத்தில் பிறந்த ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் வழி இல்லாமல் இல்லை. ஆறு மாதக் கணக்கில் 78 நாளுக்குச் சந்தா கட்டியிருந்தால், நோய்ப்பட்டுக் கிடக்கும் நாளுக்குக் கூலியில் நூற்றுக்கு 70, வருசத்துக்கு 91 நாள் வரை கிடைக்கும். 91 நாள் என்பது பதிமூன்று வாரம். பல கால்புண்கள் ஆறுவதற்குப் போதுமான காலம் அது. ஆனால் ஒப்பந்தக்காரர் சந்தாவைக் கட்டினாரா, பேரைப் பதிவு செய்தாரா? அந்தச் சீட்டைக் கேட்டு வாங்குவதும் புண் வைத்தியத்தின் ஒரு பகுதிதான். சூளைக்கும் காட்டு வேலைக்கும் போகிற அத்தக்கூலிகளுக்கோ அதுவும் கிடையாது.

சர்க்கரை பணக்கார வியாதி என்று இன்னும் பேசுகிறவர்கள் உண்டு. 2017இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு, தமிழ்நாடு போன்ற வசதியான மாநிலங்களின் நகரங்களில் வசதி குறைந்தவர்களிடம்தான் இந்த நோய் கூடுதலாக இருக்கிறது என்று காட்டியது. 'சுத்தமா இருக்கத் தெரியல' என்று சொல்கிறவர்களும் உண்டு. ஊர் அழுக்கை யார் தலையில் கட்டினீர்கள் என்பதற்கு அவர்கள் முதலில் பதில் சொல்லட்டும்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. 2021 ஆகஸ்டில் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்தது. சர்க்கரைக் காலுக்கென்றே 'பாதம் பாதுகாப்போம்' என்ற திட்டத்தை 2024இல் அறிவித்தார்கள். சேலத்தில் 1986 முதல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாமக்கல்லிலும் 2022இல் திறந்தாயிற்று. நல்லது. மாத்திரை கொண்டுவரும் அந்தக் கை செருப்பைக் கழற்றச் சொல்லி உள்ளங்காலையும் பார்க்கட்டும். நைலான் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க இரண்டு நிமிசம் போதும். ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செதுக்கவும் மாவுக்கட்டுப் போடவும் பழகியவர் இருக்கட்டும். ரத்த ஓட்டம் பார்க்காமல் எந்தக் காலையும் எடுக்கக் கூடாது. கட்டுப் போட்டிருக்கும் நாளெல்லாம் கூலி வேண்டும். ஆறிய புண் ஒரு வருசத்துக்குள் நூற்றுக்கு நாற்பது பேருக்குத் திரும்பி வருகிறது. ஆகவே கட்டைப் பிரிக்கும் அன்றைக்கே எம்.சி.ஆர். செருப்பும் கைக்கு வர வேண்டும்.

நம் இயக்கங்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணல் அம்பேத்கர் சர்க்கரை நோயாலும் கால் நரம்பு வலியாலும் வருசக்கணக்கில் வதைபட்டவர். அவர் சிலைகளைப் பாருங்கள், காலில் ஷூ இருக்கும். அந்த ஷூவுக்கு அர்த்தம் தெரியாதவர்கள் இல்லை நாம். சிலைக்கு மாலை போடும் ஏப்ரல் 14 அன்று, வளவுத் திண்ணையில் ஒரு விளக்கை வைத்து, பெரியவர்களின் பாதங்களை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பாருங்கள். விரல் இடுக்கில் வெடிப்பு, காய்ப்பின் நடுவே கறுப்பு, உள்ளங்காலில் ஈரம், எது கண்டாலும் மறுநாளே கூட்டிப்போங்கள். தனியாக அனுப்பாதீர்கள், நாலு பேராகப் போங்கள். கட்டுப் போடுகிறவர் கிட்டே வந்து தொட்டுப் பார்க்கும் வரைக்கும் அங்கிருந்து நகராதீர்கள்.