நிறம் இழக்கும் வீதிகள்

அமெரிக்காவில் ஹென்றி போர்ட்டின் 'மொடல் ரீ' மோட்டார் வண்டி 1908இல் வெளிவந்த தொடக்க காலத்தில் சிவப்பு, பச்சை, சாம்பல் எனப் பல நிறங்களிற் கிடைத்தது. 1914 முதல் 1925 வரையோ கறுப்பு ஒன்றுதான். மலிவாகவும் விரைவாகவும் செய்து குவிக்க ஒரே நிறம் வசதியாயிற்று. அந்நிலையை மாற்றியது இரசாயனம். வாரக்கணக்கில் உலர்ந்த பூச்சுக்குப் பதிலாகச் சில மணி நேரத்தில் உலரும் 'டூக்கோ' வந்தது. 1923இல் ஜெனரல் மோட்டோர்ஸின் ஓக்லண்ட் வண்டி நீலம் பூண்டு நின்றது.

இன்று பூசவியலாத நிறம் அரிது. ஆயினும், ஐசீகார்ஸ் நிறுவனத்தின் கணக்கின்படி, அமெரிக்க வண்டிகளுள் வெள்ளை, கறுப்பு, சாம்பல், வெள்ளி ஆகிய நான்கும் 2004இல் நூற்றுக்கு ஏறத்தாழ 60, 2023இல் 80!

தடை விதித்தவர் யார்? எவருமிலர். வாங்குபவரின் உள்ளத்தில் ஓர் அந்நியர் வந்து அமர்ந்துவிட்டார். சில ஆண்டு கழித்து இவ்வண்டியை விலைக்குக் கேட்கப்போகும் அவருக்கு மஞ்சள் பிடியாமற் போனால்? முகமறியாத அம்மனிதருக்காகவே இவர் சாம்பல் நிறத்தைத் தெரிகிறார். விற்பனையாளரும் தேங்காத நிறத்தையே தருவிக்கிறார். வேறு நிறம் வேண்டுவோர் காத்திருக்க நேர்கிறது. தம் பணத்தைக் கொடுத்துப் பிறர் விருப்பத்தை வாங்கும் இவ்வணிகம் விந்தையானது. அதனினும் விந்தை ஒன்றுண்டு: மறுவிற்பனையில் மிகக் குறைவாக விலை இழப்பது மஞ்சள் வண்டியே என்கிறது அதே நிறுவனம். அருமைதான் காரணம் போலும்.

இத்தாலியின் பியட் நிறுவனம் 2023இல், இனிச் சாம்பல் நிற வண்டி செய்வதில்லையென அறிவித்தது. தன் தலைவரையும் வண்டியோடு செம்மஞ்சள் வர்ணத் தொட்டியில் இறக்கிக் காட்டியது. விளம்பரந்தான், எனினும் நமக்கு அது பிடித்திருந்தது.