சுரங்க விளக்கு: கட்டளையா, காரியமா?



நம் தங்கவயலில் விடியற்காலை வண்டியை நம்பி வாழாத தெரு இல்லை. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. பாட்டனார் பூமிக்குள் இறங்கித் தேடிய பிழைப்பைப் பேரப்பிள்ளைகள் இன்று பெங்களூருக்கு வண்டியேறித் தேடுகின்றனர். அவர்களுள் கணினித் தொழிலை நாடிச் செல்வோர் பலர். அத்தகைய இளைஞன் ஒருவன் சென்ற மாதம் ஓரிரவு என் வீட்டுத் திண்ணையில் வந்து சோர்ந்து அமர்ந்தான். எங்கள் தெருப் பிள்ளை, டிப்ளமா முடித்தவன், அன்று ஒரு நிறுவனத்தில் நேர்முகத் தேர்வுக்குச் சென்று திரும்பியிருந்தான்.

அங்கே அவனுக்கு இட்ட வேலை இது: ஓர் இரயில் வண்டி இப்போது எந்த நிலையத்தில் நிற்கிறது என்பதை முப்பது நொடிக்கு ஒருமுறை சர்வரிடம் கேட்டுக் காட்டும் வலைப்பக்கம் ஒன்றை அமைத்தல் வேண்டும். அவன் எழுதினான், ஓட்டினான், அக்கணமே பக்கம் நின்றுவிட்டது. ‘மேக்சிமம் கால் ஸ்டாக் சைஸ் எக்சீடட்’ என்னும் சிவப்பு எழுத்துகள் தோன்றின. காரணம் கேட்டனர், அவனால் கூற இயலவில்லை.

“இதெல்லாம் நமக்கு வராது, அண்ணா. பெரிய பள்ளியில் ஆங்கிலத்தில் படித்தவர்களுக்கே உரியது போலும். வேறு வேலை ஏதேனும் பார்க்கப் போகிறேன்” என்றான்.

அச்சொல் என்னைத் தைத்தது. அவன் எழுதியதை வாங்கிப் பார்த்தேன். நான் மெட்ரிகுலேஷன் வரையே பயின்ற எழுத்தன். கணினி நிரல் எழுதுவதை ஓய்வு வேளைகளில் நானாகவே கற்றவன். எனினும் பிழை எனக்குப் புலப்பட்டது. அடைப்புக்குறி ஒன்று இருக்கத்தகாத இடத்தில் இருந்தது, அவ்வளவே. அதற்காக ஒருவன் தன் வாழ்வின் வழியையே மாற்றிக்கொள்ள வேண்டுமா? அவனுக்கு அன்றிரவு கூறியதையே இம்மாதம் உங்களுக்கும் கூறுகின்றேன்.

முதலில் மூன்று சொற்களை அறிதல் வேண்டும். ஒரு வேலையை எப்படிச் செய்வது என்று ஒருமுறை எழுதிப் பெயரிட்டு வைத்துக்கொண்டால் அது ‘ஃபங்ஷன்’; தமிழ்நாட்டுப் பாடநூல்கள் அதனைச் ‘செயற்கூறு’ என்கின்றன. அதனை ஏவும்போது அதன் கையில் கொடுத்தனுப்பும் பொருள் ‘ஆர்க்யுமெண்ட்’, அதாவது செயலுருபு. செயற்கூறு ஒன்று தன் வேலையை முடிக்கத் தன்னையே மீண்டும் ஏவிக்கொள்வது ‘ரிகர்ஷன்’, அதாவது தற்சுழற்சி.

தன்னையே தான் அழைப்பதா என்று வியக்க வேண்டா. நம் வாயிற்படியிலேயே அதற்குச் சான்று உண்டு. சிறிய கோலத்தைப் போட்டு, அதே முறையால் அதனைச் சுற்றி வளர்த்துப் பெரிய கோலமாக்கும் வகைகளை நம் பெண்மணிகள் அறிவர். தாம்பரத்திலுள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் பேராசிரியர் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர், கோலங்கள் எவ்விதிகளால் வளர்கின்றன என்பதைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில் ஆராய்ந்து 1974-ஆம் ஆண்டில் கட்டுரை வெளியிட்டனர். அன்னையர் கைவிரலில் இருந்த கணக்கு அறிவியல் ஏட்டில் ஏறியது.

இனி, தற்சுழற்சியை எழுத்தில் காண்போம். முத்தையா அண்ணாமலை என்பார் ‘எழில்’ எனத் தமிழிலேயே நிரல் எழுதும் மொழி ஒன்றை ஆக்கி, 2009-இல் அதனைப் பற்றிய ஆய்வுரையை வெளியிட்டார். அது பைத்தான் மொழியின் மேல் இயங்குவது. அதில் செயற்கூற்றுக்கு ‘நிரல்பாகம்’ என்று பெயர். ஒன்று முதல் நான்கு வரையுள்ள எண்களைக் கூட்ட அம்மொழியில் இவ்வாறு எழுதலாம்:

நிரல்பாகம் தளத்தொகை( மிச்சம் )
  @( மிச்சம் == 0 ) ஆனால்
    விடை = 0
  இல்லை
    விடை = மிச்சம் + தளத்தொகை( மிச்சம் - 1 )
  முடி
  பின்கொடு விடை
முடி

தளத்தொகையிடம் 4 என்னும் எண்ணைக் கொடுத்தால், அது 3-ஐக் கையில் கொடுத்துத் தன்னையே அழைக்கும்; அது 2-ஐயும், அது 1-ஐயும், அது 0-ஐயும் கொடுத்து அழைக்கும். 0 வந்ததும் இறக்கம் நிற்கும். பின்னர் விடைகள் மேலேறும்: 0, 1, 3, 6, 10. முதலில் அழைத்தவர் கையில் 10 வந்து சேரும்.

சுரங்கம் கண்ட நமக்கு இது விளங்காததன்று. கேஜ் தளந்தளமாகக் கீழே இறங்குகிறது. அடியில் வேலை முடிகிறது. இறங்கிய வழியே மேலேறி வருகிறது. இறங்கியோர் யாவரும் ஏறினாலன்றி ஷிப்டு முடிந்ததாகாது. கணினியும் அவ்வாறே, பாதியில் காத்திருக்கும் ஒவ்வோர் அழைப்பையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி நினைவில் வைத்திருக்கும். இந்த அடுக்கே ‘ஸ்டாக்’. தற்சுழற்சியை இவ்வடுக்கினால் நடத்தும் முறையை எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா என்னும் டச்சு அறிஞர் 1960-ஆம் ஆண்டிலேயே விளக்கி எழுதினார்.

இதில் நேரும் பிழைகள் மூன்று.

முதலாவது, அடித்தளம் இல்லாமை. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழமுடையது. ஆயினும் அதற்கும் ஓர் அடி உண்டு. மேலே உள்ள நிரலில் ‘மிச்சம் 0 ஆனால்’ என்னும் வரியை நீக்கிவிட்டால், 0-க்குப் பின் -1, -2 என்று இறக்கம் ஓயாது. அடுக்கு நிரம்பிவிடும். பைத்தான் மொழி இயல்பாக 1000 அழைப்புகளின் அளவிலேயே ‘போதும்’ என்று நிறுத்திவிடுகிறது. வலைப்பக்கங்களின் மொழியாகிய ஜாவாஸ்கிரிப்டில் இவ்வெல்லை உலாவிக்கு உலாவி வேறுபடும். ஆனால் எல்லை இல்லாத உலாவி இல்லை.

இரண்டாவது, கையில் கொடுக்கும் பொருள் சிறுகாமை. நம் சங்கத்திற்கு ஒரு வலைத்தளம் அமைப்பதாகக் கொள்வோம். ‘நூல்கள்’ என்னும் பட்டியலுக்குள் ‘கதைகள்’. அதற்குள் ‘சிறுவர் கதைகள்’. பட்டியலுக்குள் பட்டியல் எத்தனை ஆழம் இருக்கும் என்று முன்கூட்டி அறிய இயலாது. ஆதலின், பட்டியலைக் காட்டும் செயற்கூறு உட்பட்டியல் ஒன்றைக் கண்டவிடத்துத் தன்னையே அழைத்து அதனைக் காட்டச் சொல்லும். வலைத்தளங்களில் தற்சுழற்சிக்கு மிகப் பொருத்தமான இடம் இதுவே. இங்கே கொடுக்க வேண்டியது உட்பட்டியலை மட்டும். மறந்துபோய் முழுப் பட்டியலையே மீண்டும் கொடுத்தால், செயற்கூறு முதல் தளத்திலேயே நின்று தன்னைத்தானே ஓயாது கூவிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது, விடையைத் திருப்பிக் கொடாமை. ‘பின்கொடு’ என்னும் சொல்லை விட்டுவிட்டால் கேஜ் மேலே வரும். தங்கம் கீழேயே கிடக்கும். ஜாவாஸ்கிரிப்ட் ‘அன்டிஃபைன்டு’ என்று வெறுங்கை விரித்துவிடும்.

நம் இளைஞன் இம்மூன்றையும் அறிந்தே இருந்தான். அவனை வீழ்த்தியது வேறொன்று. அதுவே இக்கட்டுரையின் உயிர்நிலை.

ஜாவாஸ்கிரிப்ட் 1995-ஆம் ஆண்டில் பிரெண்டன் ஐக் என்பவரால் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் உருவாக்கப்பட்டது. அம்மொழியில் எண்ணையும் பெயரையும் போலவே, ஒரு செயற்கூற்றையே மற்றொரு செயற்கூற்றின் கையில் கொடுக்கலாம். ‘முப்பது நொடி கழித்து இவ்வேலையைச் செய்’ என்று உலாவியிடம் ஒப்படைப்பதற்குச் ‘செட்டைம்அவுட்’ என்னும் செயற்கூறு உண்டு. அதற்கு இரண்டு பொருள்கள் கொடுத்தல் வேண்டும்: செய்யவேண்டிய வேலை, எத்தனை மில்லி நொடி கழித்து என்னும் கணக்கு. முப்பது நொடி என்பது 30000.

இரயில்வேயில் ‘காஷன் ஆர்டர்’ என்று ஓர் எச்சரிக்கைச் சீட்டு உண்டு. இன்ன கிலோமீட்டரில் பாதை பழுது பார்க்கப்படுகிறது. அங்கே இன்ன வேகத்தில் செல்க என்று எழுதி ஓட்டுநரிடம் கொடுப்பர். சீட்டைப் பெற்ற நிலையத்திலேயே அவர் வேகத்தைக் குறைப்பதில்லை. பையில் வைத்துக்கொண்டு செல்கிறார். உரிய இடம் வந்ததும் நிறைவேற்றுகிறார். கையில் கொடுத்தது கட்டளை, காரியம் பின்னால்.

ஜாவாஸ்கிரிப்டில் கட்டளைக்கும் காரியத்திற்கும் உள்ள வேறுபாடு ஓர் அடைப்புக்குறியே. ‘கேள்’ என்று நம் செயற்கூற்றுக்குப் பெயரிட்டுள்ளோம் என்க. (செயற்கூற்றுக்குத் தமிழிலேயே பெயரிட அம்மொழி இடந்தருகிறது.) ‘கேள்’ என்று பெயரை மட்டும் எழுதினால் அது சீட்டு. ‘கேள்( )’ என்று அடைப்புக்குறி சேர்த்தால், ‘இப்பொழுதே செய்’ என்பது பொருள். வண்டி எண்ணைக் கொடுக்கவேண்டியிருந்தமையால் நம் இளைஞன், கேள் என்னும் செயற்கூற்றின் உள்ளே இறுதி வரியாக இவ்வாறு எழுதிவிட்டான்:

செட்டைம்அவுட்( கேள்( வண்டி ), 30000 )

பார்வைக்குக் குற்றமில்லை. ஆனால் ஒரு செயற்கூற்றின் கையில் எதனைக் கொடுப்பதாயினும், கொடுக்கும் முன் அதனைக் கணக்கிட்டு முடித்துவிடுவது அம்மொழியின் இலக்கணம். ஆதலின் ‘செட்டைம்அவுட்’ தொடங்கும் முன்னரே ‘கேள்’ ஓடியது. ஓடிய அது தன் இறுதி வரியை அடைந்ததும் மீண்டும் ‘கேள்’ ஓடியது. முப்பது நொடிக் கணக்கு ஒருமுறைகூடத் தொடங்கவில்லை. காத்திருக்க வேண்டிய பக்கம், அடியில்லாத குழியில் விழுந்த கேஜ் போல ஆயிரக்கணக்கான முறை தன்னையே அழைத்து அடுக்கை நிரப்பிவிட்டது. சிவப்பு எழுத்துகளின் பொருள் இதுதான்.

திருத்தம் எளிது:

செட்டைம்அவுட்( கேள், 30000, வண்டி )

கேள் என்பது சீட்டு. 30000 காத்திருக்கும் காலம். வேலை தொடங்கும்போது அதன் கையில் தரவேண்டிய பொருள் மூன்றாவதாக நிற்கிறது. அன்றி, பெயரில்லாத சிறு செயற்கூறு ஒன்றினுள் பொதிந்தும் கொடுக்கலாம்:

செட்டைம்அவுட்( ( ) => கேள்( வண்டி ), 30000 )

இங்கே அடைப்புக்குறி இருப்பினும் அது உறைக்குள் இட்ட கடிதம். உறையைப் பிரிக்கும்போதுதான் செயலாகும்.

இதில் மற்றொரு நன்மையும் உண்டு. சீட்டை உலாவியிடம் ஒப்படைத்தவுடன் ‘கேள்’ தன் வேலையை முடித்து வெளியேறிவிடுகிறது. முப்பது நொடி கழித்து உலாவி அதனைப் புதிதாக அழைக்கிறது. ஆதலின் அடுக்கில் எதுவும் சேர்வதில்லை. தன்னைத்தான் அழைப்பது போலத் தோன்றினும், நாள் முழுவதும் இப்பக்கம் இடரின்றி இயங்கும்.

இதனைக் கேட்டு முடித்ததும் அவன் தன் மடிக்கணினியைத் திறந்து அவ்வரியைத் தானே திருத்தினான். பக்கம் ஓடியது. முப்பது நொடி காத்திருந்தோம். நிலையத்தின் பெயர் மாறியது. மேலும் முப்பது நொடி, மீண்டும் மாறியது. “இவ்வளவுதானா, அண்ணா?” என்றான். அவ்வளவுதான்.

பயிலும் பிள்ளைகளுக்கு என் வேண்டுகோள் இது. தற்சுழற்சி எழுதும்போதெல்லாம் நான்கு கேள்விகளைக் காகிதத்தில் எழுதி விடை காணுங்கள்: அடித்தளம் எது? ஒவ்வோர் அழைப்பிலும் கையில் கொடுப்பது சிறுகுகிறதா? விடை மேலே வந்து சேருகிறதா? நான் கொடுப்பது கட்டளையா, காரியமா? இந்நான்கையும் உங்கள் தாய்மொழியில் உங்கள் அன்னைக்கு விளக்க முடிந்தால், ஆங்கிலத்தில் எவர் கேட்பினும் விடை கூற இயலும். விளங்காததை எம்மொழியில் மனனம் செய்தாலும் அது முதற்கேள்வியிலேயே உதிர்ந்துவிடும்.

பெற்றோர்க்கும் ஒரு சொல். பிள்ளை தோற்று வரும் இரவில், “உனக்கு இது வராது” என்று கூறிவிடாதீர்கள். எங்கே தடுக்கியது என்று கேளுங்கள். உங்களுக்குப் புரியாவிடினும், உங்களுக்குச் சொல்லும்போது அவனுக்குப் புரியும்.

அவ்விளைஞனுக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை. ஆனால் வேறு வழி பார்ப்பதாகச் சொன்ன பேச்சை அவன் விட்டுவிட்டான். வரும் வாரம் மற்றொரு நேர்முகத் தேர்வு இருக்கிறது. விடியற்காலை வண்டிக்குச் சீட்டு எடுத்துவிட்டான்.

அடுத்த திங்களில் சந்திப்போம். வணக்கம்.