வேலை தருபவன் ஏன் காசு கேட்கிறான்?

ஹட்டன், நுவரெலியாப் பக்கம் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இந்தக் காட்சி புதிதல்ல. தோட்டத்திலிருந்து ஒரு பிள்ளை வருகிறது. "நானா, இந்தக் கணக்குக்கு ஐயாயிரம் போட்டு விடுங்க, நாளைக்கே தந்திடுறேன்" என்கிறது. எதற்கென்று கேட்டால், வீட்டிலிருந்தே செய்யும் வேலை கிடைத்திருக்கிறதாம். நாமும் வியாபார அவசரத்தில் பணத்தை அனுப்பிவிட்டு, கொப்பியில் எழுதிக்கொண்டு அடுத்தவரைக் கவனிக்கிறோம்.

அந்த ஐயாயிரம் எங்கே போகிறது?

2024 ஜூன் மாதக் கடைசியில் குற்றப் புலனாய்வுத் திணைக்களத்தினர் நீர்கொழும்பு, மாதிவெல, பத்தரமுல்ல ஆகிய இடங்களில் தேடுதல் நடத்தி, இணையவழி நிதி மோசடிச் சந்தேகத்தில் இந்தியர்கள் 60 பேரைக் கைது செய்தார்கள். 135 கைத்தொலைபேசிகளும் 57 மடிக்கணினிகளும் கைப்பற்றப்பட்டன. அடுத்து வந்த நாட்களில் கைதானோர் தொகை நூறைத் தாண்டியது. விசாரணை தொடங்கியதே, சமூக வலைத்தளத்தில் சிறு வேலை செய்தால் பணம் தருவதாக வட்ஸ்அப் குழுவொன்றில் சேர்க்கப்பட்டு ஏமாந்த ஒருவரின் முறைப்பாட்டால்தான். பேராதனையில் தகப்பனும் மகனும் இந்தக் கும்பலுக்கு உதவியதாக ஒப்புக்கொண்டார்கள் என்றும் செய்தி வந்தது. பேராதனை எங்கோ தூர தேசத்தில் இல்லை. நாம் கண்டிக்குச் சாமான் எடுக்கப் போகும் வழியில் இருக்கிற ஊர்.

ஏமாற்றும் முறை ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒன்றுதான். முன்பின் தெரியாத இலக்கத்திலிருந்து, பெரும்பாலும் ஒரு பெண் பெயரில், வட்ஸ்அப் செய்தி வரும். யூடியூப் காணொளிக்கு 'லைக்' போட வேண்டும், அல்லது ஹோட்டலுக்கு நட்சத்திரம் போட வேண்டும். அவ்வளவுதான் வேலை. முதல் நாளே சில நூறு ரூபா உண்மையாகவே கணக்கில் விழும். இந்தச் சில நூறுதான் தூண்டில் புழு. பிறகு டெலிகிராம் குழுவுக்கு மாற்றுவார்கள். அங்கே இலாபம் வந்த ரசீதுகளைக் காட்டிக் காட்டிப் பலர் மகிழ்வார்கள். அவர்களில் பலர் கும்பலின் ஆட்களே. ஐயாயிரம் கட்டினால் ஆறாயிரத்துச் சொச்சம் திரும்பும். அடுத்தது முப்பதாயிரம். அதன் பிறகு "நீங்கள் பிழை செய்துவிட்டீர்கள், கணக்கு முடங்கிவிட்டது, திறக்க ஒரு இலட்சம் கட்டுங்கள்" என்பார்கள். அதையும் கட்டினால் வரி கேட்பார்கள். திரையில் தெரியும் இலாபம் ஒரு நாளும் கைக்கு வராது.

ஏமாந்தவர்களைப் பேராசைக்காரர்கள் என்று திட்டுவது நமக்கு இலகு. எனக்கு அதில் உடன்பாடில்லை. தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனதே 2024 செப்டெம்பரில்தான். அதற்குப் பிறகு கூடியதையும் சேர்த்துப் பார்த்தாலும், மாதத்தில் எத்தனை நாள் வேலை, எத்தனை கிலோ கொழுந்து என்பதைப் பொறுத்தே வீட்டுக்குக் காசு வருகிறது. சாதாரண தரம் படித்துவிட்டு லயத்தில் இருக்கும் பிள்ளைக்கு, வீட்டிலிருந்தே நாளைக்கு ஆயிரம் என்றால் ஆசை வரத்தான் செய்யும். பட்டப்படிப்பு முடித்தவர்களும் வங்கி உத்தியோகத்தர்களும் ஏமாந்த நாடு இது. 2023இல் எம்டிஎப்ஈ செயலி திடீரென்று படுத்தபோது நம் வியாபாரிகளில் எத்தனை பேர் வாய் திறக்காமல் இருந்தார்கள் என்பது நமக்கே தெரியும். ஆள் சேர்த்து அதன் மூலம் பணம் பார்க்கும் பிரமிட் திட்டத்தை நடத்துவது மட்டுமல்ல, ஊக்குவிப்பதும் வங்கித்தொழில் சட்டத்தின் 83இ பிரிவின் கீழ் குற்றம். மச்சானையும் மருமகனையும் சேர்த்துவிட்டவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

வியாபாரிகள் கவனிக்க வேண்டிய ஆபத்து இன்னொன்று உண்டு. மோசடிக்காரன் தன் பெயரில் கணக்கு வைப்பதில்லை. ஏழைப் பிள்ளைகளுக்குச் சில ஆயிரம் கொடுத்து அவர்கள் பெயரில் கணக்குத் திறந்து, ஏடிஎம் அட்டையை வாங்கிக்கொள்கிறான். கடைக் கணக்கையும் கேட்பார்கள்: "உங்கள் கணக்குக்கு இரண்டு இலட்சம் வரும், பத்தாயிரத்தை நீங்கள் வைத்துக்கொண்டு மிச்சத்தைக் காசாகத் தாருங்கள்." சரக்கு எதுவும் கைமாறாமல் பத்தாயிரம் இலாபம் தரும் வியாபாரம் எங்கே இருக்கிறது? பணத்தைப் பறிகொடுத்தவர் முறையிட்டால் பொலிஸார் முதலில் தேடி வருவது கணக்குக்குச் சொந்தக்காரனைத்தான். கணக்கு முடக்கப்பட்டால் கொழும்பு மொத்த வியாபாரிக்குக் கொடுத்த காசோலையும் திரும்பும்.

வீட்டில் இருந்து செய்யும் உண்மையான வேலை இல்லையா? உண்டு. கண்டியில் கடைக்காரர் துணி வெட்டிக் கொடுக்க, வீட்டில் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்கும் பெண்கள் இருக்கிறார்கள். அங்கே காசு முதலாளியிடமிருந்து தொழிலாளிக்குப் போகிறது. பதிவுக் கட்டணம், பயிற்சிக் கட்டணம், முற்பணம் என்று தொழிலாளியிடமிருந்து முதலாளிக்குப் போகத் தொடங்கினால் அது வேலையே அல்ல. முன்பு பத்திரிகை விளம்பரத்தைப் பார்த்து 'டேட்டா என்ட்ரி' வேலைக்குக் கட்டணம் கட்டி ஏமாந்தார்களே, அதே சரக்குத்தான், உறை மட்டும் புதிது.

அடுத்த முறை அந்தப் பிள்ளை வந்தால் பணத்தை அனுப்புமுன் இரண்டு நிமிடம் பேசுங்கள். அனுப்பும் கணக்கு கம்பனியின் பெயரிலா, யாரோ ஒரு தனி ஆளின் பெயரிலா என்று பாருங்கள். ஏற்கனவே கட்டிவிட்டதாகச் சொன்னால் வெட்கப்பட விடாமல் அந்த மணித்தியாலத்திலேயே வங்கிக்கு அழைக்கச் சொல்லுங்கள். குறுஞ்செய்திகளை அழிக்க வேண்டாம் என்றும் சொல்லுங்கள், பொலிஸ் முறைப்பாட்டுக்கு அவைதான் சாட்சி. இணையப் பிரச்சினைகளுக்கு இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 இலக்கம் இருக்கிறது. கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு துண்டில் எழுதி ஒட்டி வையுங்கள்.