வடைக் கடைக் குடைக்கு ஒருநாள் அலங்காரம்



சுங்கை சிப்புட் பக்கமிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். தோட்டம் செம்பனையாக மாறியதும் லயத்தை விட்டுத் தாமானில் ஒரு சின்ன வரிசை வீட்டுக்கு வந்தவர். மாலை நேரத்தில் சாலையோரம் நீலக் குடை ஒன்றை விரித்து வடை சுட்டு விற்கிறார். அடுத்த மாதம் மகளுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் ஈப்போவிலிருந்து வருகிறார்கள். வாடகைப் பந்தலுக்குக் கேட்கும் பணம் கையில் இல்லை. அலங்காரத்துக்கென்று ஒதுக்க முடிந்தது 50 வெள்ளிதான். “அந்த நீலக் குடையையே வாசலில் விரித்து நாலு பேரை உட்கார வைத்தால் கேவலமாக இருக்குமா? மறுநாள் மாலை அது எனக்குக் கடைக்கு வேண்டும்” என்று கேட்கிறார்.

கேவலமே இல்லை, அம்மா. அந்தப் பிள்ளை படித்து ஆளானது அந்தக் குடையின் நிழலில்தானே? ஆனால் கடைசியாக எழுதியிருக்கிறீர்களே ஒரு வரி, மறுநாள் கடைக்கு வேண்டும் என்று, அதுதான் முக்கியம். சோறு போடும் குடை அது. அதில் ஓர் ஓட்டைகூட விழக்கூடாது. ஆகவே பசை வேண்டாம், சாயம் வேண்டாம். பசை காய்ந்து இறுகினால் குடையை மடிக்கும்போது துணி வெடிக்கும். சாயம் சரியாகக் காயாமல் மடித்தால் துணியோடு துணி ஒட்டிக்கொள்ளும். கட்டி, தைத்து, அவிழ்க்கக் கூடிய அலங்காரம் மட்டுமே நமக்கு.

குடையில் எந்த இடத்தை அலங்கரிப்பது? உச்சியில் பூவை வைத்து நிரப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைக் காக்கைதான் பார்க்கும்! கீழே நாற்காலியில் இருப்பவர் கண்ணுக்கும், வாசலில் வந்து நிற்பவர் கண்ணுக்கும் படுவது குடையின் விளிம்பு. கோயில் குடை செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சென்னையில் சென்னகேசவப் பெருமாள் கோயிலிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் திருமலைப் பிரம்மோற்சவத்துக்கு வெண்பட்டுக் குடைகள் ஊர்வலமாகப் புறப்படும். யானைக்கவுனியைத் தாண்டும்போது வீதி கொள்ளாத கூட்டம். அந்தக் குடைகளின் மேற்பரப்பு பெரும்பாலும் வெறும் வெள்ளைதான். சரிகையும் தொங்கலும் விளிம்பில்; உச்சியில் ஒரு கலசம். அவ்வளவே. நாமும் அப்படியே செய்வோம்.

வீட்டில் பழைய சேலை ஒன்று இருக்கும், உடல் நைந்து கரை மட்டும் பளபளவென்று. அதை எடுங்கள். (மாமியாருடைய சேலையாக இருந்தால் கத்தரிக்கோலை எடுப்பதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு வரும் சண்டைக்கு நான் பொறுப்பல்ல.) இப்போது கணக்கைப் பாருங்கள். எட்டுக் கம்பிக் குடை, குறுக்கே 7 அடி என்றால் ஒரு கம்பி முனையிலிருந்து அடுத்த முனைக்கு ஏறத்தாழ 32 அங்குலம் வரும். சுருக்கு வைத்த தொங்கலுக்கு ஒன்றரை மடங்கு துணி வேண்டும்; அதாவது ஒரு பக்கத்துக்கு 48 அங்குலம், சரியாக 4 அடி. ஐந்தரை மீட்டர் சேலை 18 அடி நீளம். ஒரு கரையில் நான்கு துண்டு, மறு கரையில் நான்கு துண்டு, ஆக எட்டு. நமக்காகவே நெய்தது போல் இல்லையா? ஆனாலும் உங்கள் குடையை அளந்து பார்த்த பிறகு வெட்டுங்கள். கடையில் 7 அடி என்று சொல்வதெல்லாம் 7 அடி இருப்பதில்லை.

கரையோடு சேர்த்து 9 அங்குல அகலத்துக்குக் கிழியுங்கள். மேலே ஓர் அங்குலம் மடித்துச் சுருக்கு வைத்து, நாடா ஒன்றில் தைத்துவிடுங்கள். நாடாவின் இரு நுனியும் ஒரு சாண் நீட்டிக்கொண்டிருக்கட்டும். கம்பி முனையில் கட்டுவதற்கு. எட்டுத் துண்டையும் ஒன்றாகச் சேர்த்து நீளமாகத் தைத்துவிடலாமே என்று தோன்றும். வேண்டாம். தனித் தனியாக இருந்தால்தான், மழை வந்தவுடன் குடையைச் சட்டென்று சுருக்க முடியும்.

கம்பி முனைகளில் கட்டிய பின் நடுவில் தொய்யும். அங்கே குடையின் விளிம்பு மடிப்பில் மட்டும், அகல அகலமாக நூலோட்டித் தையுங்கள். விளிம்பு மடிப்பில் ஊசி போனால் ஒழுகாது. தண்ணீர் சொட்டி விழும் இடமே அதுதான். ஓர் அங்குலம் மேலே போனாலும் வடைச் சட்டிக்குள் சொட்டும். மறுநாள் முடிச்சை வெட்டி நூலை இழுத்தால் முழுவதும் வந்துவிடும்.

அடுத்தது தொம்பை. தேரில் உருளை உருளையாகத் தொங்கி ஆடுமே, அதுதான். தஞ்சாவூர், கும்பகோணம் பக்கத்தில் துணி மேல் துணி வெட்டித் தைத்துச் செய்வார்கள். நமக்குச் சின்னதாகப் போதும். ஒன்றரை லிட்டர் தண்ணீர்ப் போத்தலை ஓர் அங்குல வளையங்களாக வெட்டுங்கள். ஒவ்வொரு தொம்பைக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. வண்ணம் வண்ணமாக மூன்று இரவிக்கைத் துண்டுகளைப் பட்டை பட்டையாக இணைத்து, ஓரடி நீளக் குழாயாக்கி வளையத்தில் சேர்த்துத் தைத்து, அடியில் அரசிலை போல நாலைந்து நாக்குகள் தொங்க விடுங்கள். எட்டு முனை இருந்தாலும் ஆறு தொம்பை போதும். விருந்தினர் நுழையும் பக்கத்து இரண்டு முனைகளை வெறுமனே விடுங்கள். மாப்பிள்ளை உயரமானவராக இருந்து, வந்ததும் வராததுமாகத் தொம்பை நெற்றியில் இடித்தால் அது ஒரு பேச்சாகிவிடும்.

நீலக் குடையில் இன்னொரு சங்கடம் உண்டு. பகல் வெளிச்சம் துணி வழியாக இறங்கும்போது முகமெல்லாம் நீலம் பூத்துத் தெரியும். புகைப்படத்தில் பெண் நோயாளி போல விழுவாள். இதற்குச் சேலையை விட வேட்டி நல்லது. ஓர் எட்டு முழ வேட்டியை நடுவே வெட்டி, இரண்டு பாதியையும் நீளவாக்கில் பக்கம் பக்கமாக வையுங்கள். தையலைப் பாதி வரை போட்டு, மீதியைத் திறந்து விட்டால் குடைக் காலைச் சுற்றி நுழைத்து நாடாவால் கட்டிக்கொள்ளலாம். நான்கு மூலைகளைக் கம்பிகளில் கட்டுங்கள். குடை முழுவதையும் மூடாது. ஆட்கள் உட்காரும் நடுப்பகுதியை மூடும். வெள்ளைத் துணிக்குக் கீழே எல்லார் முகமும் தெளிவாக இருக்கும். இதைக் குடை விரித்த பிறகு கட்ட வேண்டும், சுருக்கும் முன் அவிழ்க்க வேண்டும்.

கடைக்கு வேண்டாத, வீட்டோடு இருக்கும் குடை வைத்திருப்பவர்கள் நிரந்தர வேலையே செய்யலாம். ஒடிசாவில் புவனேஸ்வரத்துக்கும் பூரிக்கும் இடையில் பிப்பிலி என்று ஓர் ஊர். பூரி ரத யாத்திரைக்குத் துணி வேலை செய்து பேர் பெற்ற ஊர். அங்கே யானை, மயில், தாமரை என்று வண்ணத் துணியில் வெட்டிக் குடை மேலேயே தைத்துவிடுகிறார்கள். தோட்டத்தில் விரிக்கும் பெரிய குடைகளும் அப்படி விற்பனைக்கு வருகின்றன. தாய்லாந்தில் சியாங் மாய் அருகே போ சாங் கிராமத்தில் காகிதக் குடையில் பூ எழுதுகிறார்கள். கோலம் போடத் தெரிந்த கைக்கு அது பெரிய வித்தை இல்லை. எட்டுப் பாகக் குடையும் எட்டு இதழ்க் கோலமும் ஒரே கணக்குத்தான்.

இனிக் கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்கிறேன். நம் பேராவில் ஏப்ரலிலும், தீபாவளியை ஒட்டிய அக்டோபர், நவம்பரிலும் மத்தியானத்துக்கு மேல் மழையும் இடியும் சேர்ந்து வரும். தொங்கல் கட்டிய குடை வெறும் குடையை விட அதிகமாகக் காற்றைப் பிடிக்கும். அடிக்கனம் வேண்டும். பழைய பால் வாளி இருந்தால், குடைக் கால் செருகும் அளவுக்கு ஒரு குழாயை நடுவில் நிறுத்திச் சிமெண்ட்டும் மணலும் கல்லும் கலந்து ஊற்றுங்கள். 10 லிட்டர் வாளி 20 கிலோவுக்கு மேல் கனக்கும். அதற்குக் குறைந்தால் 7 அடிக் குடை நிற்காது. இடி கேட்டால் குடையைச் சுருக்கிவிட்டு எல்லாரும் வீட்டுக்குள். இரும்புக் காலைப் பிடித்துக்கொண்டு “இப்போது விட்டுவிடும்” என்று நிற்க வேண்டாம். விளக்குச் சரம் ஆசையாக இருந்தால் பேட்டரியில் எரிவது மட்டும் போடுங்கள். வீட்டு மின்சாரத்தை நனைந்த குடைக் காலில் சுற்றுவது வேண்டவே வேண்டாம்.

நிச்சயதார்த்தம் முடிந்த அன்றிரவே தொங்கலை அவிழ்த்துவிடுங்கள், அம்மா. களைப்பாக இருக்கும், தெரியும். ஆனால் மறுநாள் அவசரத்தில் அப்படியே அடுப்புக்கு மேல் விரித்தால் நைலான் கரையில் ஒரு பொறி போதும். அவிழ்த்ததை வெயிலில் காய வைத்து, எட்டுத் துண்டையும் சுருட்டிப் பழைய பிஸ்கட் டின்னில் போட்டு வையுங்கள். தைப்பூசத்தன்று தண்ணீர்ப்பந்தலில் நிற்கும் குடைக்கும் அதே தொங்கல் ஆகும்.

செலவு என்று பார்த்தால் நாடா, நூல், இரவிக்கைத் துண்டு, சிமெண்ட், மணல், கல். எப்படியும் 50 வெள்ளியில் மிச்சம் இருக்கும். அதற்குப் பெண்ணுக்கு மல்லிகைச் சரம் வாங்கி வையுங்கள்.