மலையேற டிக்கெட்! மாடு மேய்க்கத் தடையா?

விவசாயப் பெருமக்களே! கிடைமாடு வளர்ப்போரே!

2018 மார்ச் 11-ல் குரங்கணி மலையில் பிடித்த காட்டுத்தீயில் மலையேற வந்த 20-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அன்னைக்கு மேலே ஏறி ஆட்களைத் தூக்கிச் சுமந்ததில் அடிவாரத்துச் சனங்களுக்குப் பெரும் பங்கு உண்டு. அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு விதிமுறை போட்டார்கள். 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசே திறந்தது. ஆன்லைனில் பணம் கட்டினால் வழிகாட்டியோடு போகலாம். 2025-ல் தீக்காலம் என்று பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகளை மூடினார்கள். அது சரியான காரியம். உள்ளூர் இளைஞர்களுக்கு வழிகாட்டி வேலை கிடைப்பதையும் வரவேற்கிறோம்.

நாம கேட்பது வேறு. மலைக்கு வருகிறவர்களுக்குக் காலம் பார்த்துத் திறக்கவும் மூடவும் முடிகிறது. அதே கணக்கு மாட்டுக்கு ஏன் இல்லை?

2021 பிப்ரவரியில் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் எல்லாக் காடுகளிலும் மேய்ச்சலைத் தடுத்தது. பிறகு புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்காவோடு அந்தத் தடையை நிறுத்தியது. நம் மலைமாடுகள் காலங்காலமாய் ஏறிய மலை அதற்குள்தான் இருக்கிறது. கட்டுத்தறியில் தவிடு தின்று வளர்கிற மாடா இது? மேய்ச்சல் போனால் மாடு போச்சு. மாடு போனால் வயலில் கிடை போட வழியில்லை. அப்புறம் உர மூட்டைக்குக் கடன்தான்.

காடு அழியட்டும் என்று நாம் சொல்லவில்லை. வருசநாட்டு மலை காய்ந்தால் வைகையும் காயும்; முதல் அடி நமக்குத்தான். ஆனால் 2006 வன உரிமைச் சட்டத்தின் 3-வது பிரிவு மேய்ச்சலையும், மேய்ப்பர்கள் பருவந்தோறும் காட்டுக்குள் போய்வருவதையும் உரிமை என்றே சொல்கிறது. உரிமையைத் தீர்மானிக்கும் வேலையைத் தொடங்க வேண்டியது கிராம சபை. அது நடக்காமல் பட்டிக்காரனை விரட்டுவது எந்த ஊர் நியாயம்?

நம் கோரிக்கைகள்:

1. மலையடிவார ஊர்களில் கிராம சபை கூட்டி, மேய்ச்சல் உரிமை மனுக்களை வாங்கு!
2. எந்த இடம், எந்த மாதம், எத்தனை மாடு என்று மேய்ப்பர்களோடு உட்கார்ந்து பேசு! நீதிமன்றத்திலும் அதை எடுத்துச் சொல்!
3. தீத்தடுப்புக் கோடு வெட்டும் வேலையை உள்ளூர் ஆட்களுக்கே கொடு. கூலியை உடனே பட்டுவாடா செய்!

அடுத்த விவசாயிகள் குறைதீர் கூட்டத்துக்கு ஊருக்குப் பத்துப் பேராவது மனுவோடு வாருங்கள். மாட்டுக் கணக்கையும், பழைய மேய்ச்சல் ரசீது இருந்தால் அதையும் கையோடு கொண்டு வாருங்கள்.

காட்டையும் காப்போம்! கிடையையும் காப்போம்!