தரிசுன்னு சொல்லாதீங்க, அது கொரங்காடு

காங்கேயத்தில் இருந்து தாராபுரம், மூலனூர் பக்கம் காரில் வரும் நகரத்து நண்பர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "ஏனுங்க, இத்தனை நிலம் ஏன் இப்படிச் சும்மா கெடக்குது?" நிலத் தரகரும் அதையேதான் சொல்கிறார். அடங்கல் எழுத வருகிறவர், பயிர் என்று ஒன்றும் கண்ணில் படாததால் தரிசு என்று எழுதிவிட்டுப் போகிறார். ஞாயிற்றுக்கிழமை வேனில் மரக்கன்றோடு வந்து இறங்கும் தம்பிகளும் அதே கண்ணோடுதான் பார்க்கிறார்கள். இந்த நாலு பேரும் வேற எதுலயும் ஒத்துப்போக மாட்டாங்க. இதுல மட்டும் ஒத்துப்போறாங்க. நாலு பேரும் சொல்றது தப்பு.

அது சும்மா கிடக்கும் நிலம் இல்லை, கொரங்காடு. புல் விளையும் காடு. (எங்க பக்கம் காடுன்னா மானாவாரி நிலம். யானை வர்ற காடுன்னு நினைச்சுக்காதீங்க.) மேற்குத் தொடர்ச்சி மலையோட மழை மறைவுல இருக்கற ஊருங்க இது. வருஷத்துக்கு 600 மில்லிமீட்டர் சுத்தித்தான் மழை. அதுலயும் பாதிக்கு மேல ஐப்பசி, கார்த்திகையில கொட்டிட்டுப் போயிரும். மீதி மாசமெல்லாம் வெயிலும் காத்தும்தான். இந்த மண்ணுல நெல்லும் கரும்பும் வராதுன்னு தெரிஞ்ச ஆளுக, புல்லைப் பயிராக்கினாங்க.

அதற்கு மூன்று சாமான் போதும். சுற்றிலும் கிளுவை முள் வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம். கிளுவை கம்பி வேலி மாதிரி துருப்பிடிக்காது. குச்சியை நட்டால் வேர் விட்டு உயிர்வேலியாக நிற்கும். வேலி இருக்கிறதால மாட்டுக்குப் பின்னாலயே ஒரு ஆள் நடக்க வேண்டியதில்லை. காலையில ஓட்டிவிட்டுப் படலைச் சாத்திட்டு வந்துரலாம். வெள்வேலத்தோட நிழல் சல்லடை மாதிரி இருக்கும், அடியில புல்லு சாகாது. கோடையில புல்லெல்லாம் காய்ஞ்சு கிடக்கறப்ப, அந்த மரத்துக் காய் கொட்டும். செம்மறி அதைப் பொறுக்கித் தின்னுட்டே வெயில் காலத்தைத் தாண்டிரும்.

கொழுக்கட்டைப் புல்லைப் பற்றித்தான் கொஞ்சம் நீட்டிச் சொல்ல வேண்டும். ஏன்னா அதைத்தான் யாரும் பார்க்கறதில்லை. நரிவால் மாதிரி ஒரு கதிர், வேட்டியில ஒட்டிக்கிற விதை. அவ்வளவுதான் வெளியில தெரியும். அதோட சூட்சுமம் தூர்ல இருக்கு. மழை இல்லாத மாசங்களில் மேலே கருகிச் செத்தது போல நிற்கும், சத்தெல்லாம் அடித்தூரிலும் வேரிலும் பத்திரமாக இருக்கும். ஒரு நல்ல மழை பெய்தால் நாலைந்து நாளில் பச்சை கிளம்பிவிடும்.

இங்கேதான் மேய்க்கறவனோட புத்தி வேணும். பச்சையைப் பார்த்ததும் மாட்டை உள்ளே விட்டால் தீர்ந்தது கதை. தூரில் சேர்த்து வைத்ததைச் செலவு பண்ணித்தான் அந்த முதல் இலை வந்திருக்கிறது. அதையும் கடித்துவிட்டால் புல் திரும்ப எழுந்திருக்க ஒன்றும் மிச்சம் இருக்காது. அதனால முழங்கால் உயரம் வர்ற வரைக்கும் படலைத் திறக்கக் கூடாது. முதல்ல கறவையும் கன்னும், அப்புறம் எருது, கடைசியிலதான் ஆடு. ஆடு ஒட்டக் கடிக்கும், அதை முன்னால விட்டா மாட்டுக்கு ஒண்ணும் இருக்காது. காட்டை ரெண்டு மூணாப் பிரிச்சு, ஒண்ணு மேயறப்ப இன்னொண்ணு ஓய்வுல இருக்கணும். கதிர் முற்றி விதை கொட்டிய பிறகு ஒரு தடவை மாட்டை நடக்கவிட வேண்டும், குளம்பு பட்டு விதை மண்ணுக்குள் போகும். சில வருஷத்துக்கு ஒருக்கா, மண்ணு இறுகி புல்லு கலைஞ்சுபோனா, உழுது சோளமோ கொள்ளோ விதைச்சு விடுவாங்க. சோளத்தட்டு போருக்குப் போகும், உதிர்ந்து கிடந்த விதையில இருந்து புல்லு திரும்ப வந்துரும்.

இத்தனை கணக்கு வைத்துப் பார்க்கும் நிலத்தைத் தரிசு என்று எழுத எப்படிக் கை வருகிறது?

எனக்கு அதிகக் கோபம் அடங்கல் எழுதுகிறவர் மேல் இல்லை, நகரத்து நாட்டு மாட்டுப் பிரியர்கள் மேல்தான். 2017 ஜனவரியில் மெரினாவில் கூடினீங்க, சந்தோஷம். எங்க ஊருப் பசங்களும் வந்தாங்க. காளையைக் காப்பாத்தணும்னு சொன்னீங்க, சட்டம் வந்துச்சு. 2023-ல உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிருச்சு. ஆனா அந்தக் காளை மிச்சமிருக்கற 364 நாளும் என்ன திங்குதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா? நாட்டு மாட்டுப் பால், நாட்டு மாட்டு நெய், நாட்டு மாட்டுச் சாணியில் செய்த விபூதி, எல்லாம் ஆன்லைனில் கிடைக்கிறது. புல்லைப் பற்றி ஒரு வரி கிடையாது. காங்கேயம் மாட்டுக்கு அந்தத் திமிலும் கொம்பும் வறண்ட காட்டுல கல்லுமேல நடந்து, இந்தப் புல்லைத் தின்னு, கிடைச்ச தண்ணியைக் குடிச்சு வந்தது. பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பம் அந்த இனத்தைப் பொறுக்கிப் பொறுக்கி வளர்த்ததைப் பெருமையாப் பேசறோம். அவங்ககிட்ட நல்ல காளை மட்டும் இருக்கல, பெரிய பெரிய கொரங்காடும் இருந்துச்சு. காட்டை வித்துப்போட்டு மாட்டை மட்டும் கட்டுத்தரையில கட்டி வெச்சா, அது கண்காட்சிக்குத்தான் ஆகும்.

"கோ-4 போடுங்க" என்று அடுத்த யோசனை வரும். கம்பு நேப்பியரை நான் குறை சொல்லவில்லை. கிணற்றில் தண்ணீர் இருப்பவருக்கு அது அருமையான தீவனம், 45 நாளுக்கு ஒரு அறுப்பு வரும், கறவை மாடு கட்டிப் பாலூற்றுகிறவர் அது இல்லாமல் நிற்க முடியாது. ஆனா அது பத்து நாளைக்கு ஒருக்கா தண்ணி கேக்கும், உரம் கேக்கும், அறுத்துச் சுமக்க ஆள் கேக்கும். ஆயிரம் அடி போர் போட்டு புகை வந்த ஊர்ல வந்து நின்னுட்டு, தண்ணி இல்லாம வளர்ற புல்லைப் பிடுங்கிட்டுத் தண்ணி குடிக்கற புல்லை வைன்னா என்னங்க நியாயம்? தீவனம்னு எங்க பேச்சு எடுத்தாலும் ஏக்கருக்கு எத்தனை டன்னுன்னுதான் கேக்கறாங்க. ஒரு டன்னுக்கு எத்தனை லிட்டர் தண்ணின்னு கேட்டா கொரங்காடுதான் முன்னால நிக்கும்.

நம்ம ஊர்ல மதிப்பில்லாத இந்தக் கொழுக்கட்டைப் புல், கடல் தாண்டினா வேற ஆளு. பஃபெல் புல் என்று பேர். ஆப்பிரிக்காவிலும் அரேபியாவிலும் நம் நாட்டிலும் இயல்பாக இருப்பது. ஆஸ்திரேலியாவுக்கு ஒட்டகச் சேணத்தில் ஒட்டிக்கொண்டு போனதாகச் சொல்வார்கள். குயின்ஸ்லாந்து மாட்டுப் பண்ணைகளில் அதை விதைத்து வளர்க்கிறார்கள். அதே நாட்டின் நடுப்பகுதியிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் அது காட்டுத் தீக்கு விறகாகி, அங்கிருந்த செடிகொடிகளை அழிக்குதுன்னு களையாப் பிடுங்கறாங்க. ரெண்டும் உண்மைதான். புல்லு எந்த இடத்துல இருக்கு, அதை மேய்க்க யாரு இருக்காங்கங்கறதைப் பொறுத்தது அது.

இப்போது சோலார். வெயிலில் கரன்ட் எடுப்பதை நான் எதிர்க்கவில்லை, என் மோட்டாருக்கும் கரன்ட் வேண்டும். காத்தாடி போட்ட காட்டில்கூட அடியில் மாடு மேய்கிறது. சோலாருக்கு வருகிறவர்கள் முதலில் செய்வது கிளுவை வேலியையும் வெள்வேலத்தையும் பிடுங்கி, புல்லைச் சுரண்டி, சுற்றிலும் கம்பி வேலி போடுவது. வெளிநாடுகளில் பேனலுக்கு அடியில் ஆடு மேய்க்கிறார்கள். இங்க நான் பார்த்தவரைக்கும் ஆட்டைக் கண்டா காவல்காரர் தடியைத் தூக்கறார். திருப்பூர்ல எத்தனை பனியன் கம்பெனி, எத்தனை குடோன் கூரை வெயில்ல காய்ஞ்சுட்டிருக்கு. அதையெல்லாம் விட்டுட்டுப் புல்லு மேலதான் போடுவேன்னா, அதுக்குக் காரணம் அந்தத் "தரிசு"ங்கற ஒரு வார்த்தைதான். தரிசுல போட்டா யாருக்கும் நட்டமில்லைன்னு காகிதம் சொல்லுது.

மரம் நடுகிற தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் மனசு நல்ல மனசு, சந்தேகமே இல்லை. ஆனால் எல்லா நிலத்துக்கும் மரம் மருந்து இல்லை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் மலைப் புல்வெளியை வெற்று நிலம் என்று நினைத்து வெள்ளைக்காரன் காலத்தில் இருந்து வேட்டிலும் தைல மரமும் நட்டார்கள். இன்னைக்கு அந்த வேட்டிலைப் பிடுங்கத்தான் பாடுபடறாங்க. கொரங்காட்டுக்கு எத்தனை மரம் வேணுமோ அத்தனை வெள்வேலம் அங்க ஏற்கெனவே இருக்கு. நெருக்கி நட்டு நிழல் கட்டினா புல்லு போயிரும். புல்லு போனா கௌதாரி போயிரும், உடும்பு போயிரும், ஆடும் போயிரும்.

"நீங்களே வித்துட்டு எங்களைத் திட்டறீங்களே" என்பார்கள். விற்பது நாங்கள்தான், ஒப்புக்கொள்ள வேண்டியதுதான். விற்றவரைத் திட்ட எனக்கு மனசு வராது. நாலு பேருக்குப் பாகம் பிரிச்சா, பத்து ஏக்கர் காடு ரெண்டரையாப் போயிருது. ரெண்டரை ஏக்கர்ல புல்லுக்கு ஓய்வு குடுக்க இடம் ஏது? பையன் திருப்பூர்ல ஷிப்டுக்குப் போறான். பயிர் காஞ்சா நிவாரணம்னு ஒரு மனுவாவது எழுதலாம். புல்லு காஞ்சா எந்தப் பேர்ல எழுதறது? புத்தகத்துல அங்க பயிரே இல்லையே! அந்தக் காலம் பொற்காலம் என்றும் நான் சொல்ல வரவில்லை. பண்ணையத்துக்கு விடப்பட்ட சின்னப் பசங்க பள்ளிக்கூடம் போகாமல் மாட்டுக்குப் பின்னால் நடந்த காலம் அது. அது போனது ரொம்ப நல்லது. அதோட சேர்த்துப் புல்லையும் அனுப்ப வேண்டியதில்லை.

2026-ஐ மேய்ச்சல் நிலங்களுக்கும் மேய்ச்சல்காரர்களுக்குமான சர்வதேச ஆண்டு என்று ஐ.நா. சபை அறிவித்திருக்கிறது. அதற்கு விழா எடுக்காவிட்டாலும் பரவாயில்லை. அடங்கலில் கொரங்காடு என்று ஒரு பேரைச் சேர்த்தால் போதும். பேர் இருந்தால்தான் கடன் கேட்கலாம், நட்டம் கேட்கலாம், சோலாருக்கு இடம் பார்க்க வருகிறவரிடம் இது பயிர் நிலம் என்று காட்டலாம். நீங்க செய்ய வேண்டியது இன்னும் சின்னது. நாட்டு மாட்டு நெய் விக்கறவர்கிட்ட, உங்க மாடு எங்க மேயுதுன்னு கேளுங்க. பதில் வரலைன்னா வாங்காதீங்க.

ஊரில் மானாவாரி நிலம் வைத்திருப்பவர்கள் இதைப் படித்தால், போன பதிவுக்குப் பிறகு பலர் கேட்ட விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். கொழுக்கட்டை விதை ஏக்கருக்கு மூன்று கிலோ போதும். பருவ மழைக்கு முன்னால் உழுது, மேலாகத் தூவி, முள்ளுக் கொப்பை இழுத்துவிட்டால் சரி, ஆழமாகப் போடக் கூடாது. வாங்கும்போது போன வருஷத்து விதையாகக் கேட்டு வாங்குங்க. புதுசா உருவின விதை ஆறேழு மாசத்துக்கு ஒழுங்கா முளைக்காது.