பதினொன்றாம் வகுப்பைத் தாண்டிக் குதிக்காதீர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் பத்தாவது முடிக்கப்போகும் பிள்ளையோ, பதினொன்று படிக்கும் பிள்ளையோ இருந்தால் தயவுசெய்து கடைசி வரை படித்துவிடுங்கள்.

நான் இடைநிலை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். பாடம் நடத்தியது எட்டாம் வகுப்பு வரைதான். மேல்நிலை வகுப்பைப் பற்றிப் பேச இவருக்கு என்ன தகுதி என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. இங்கே எழுதுவதெல்லாம் என்னிடம் படித்து, இப்போது கல்லூரியில் இருக்கும் பிள்ளைகள் சொன்னது. காரைக்குடியில் இருப்பவனுக்கு அந்த வசதி உண்டு. வள்ளல் அழகப்பர் புண்ணியத்தில் 1947-ல் கலைக் கல்லூரி, 1952-ல் பொறியியல் கல்லூரி, 1953-ல் சிக்ரி, பிறகு 1985-ல் பல்கலைக்கழகம் என்று இந்த ஊரில் கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பஞ்சமே இல்லை. பஸ்ஸில் ஏறினால் ஒருவராவது "சார், என்னைத் தெரியுதா?" என்று கேட்பார்கள். வெளியூரில் படிப்பவர்கள் தீபாவளி, பொங்கலுக்கு வந்தால் வீட்டுக்கும் வருவார்கள்.

கொஞ்ச நாளாக அவர்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டு வருகிறேன். "பத்தாவது முடிச்சுட்டு நின்னியே, அந்தப் பிள்ளைகிட்ட இப்போ பேச முடிஞ்சா என்ன சொல்லுவே?"

"இன்னும் அதிக மார்க் வாங்கு" என்று சொல்வார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். அப்படி யாருமே சொல்லவில்லை. போனைக் குறை, அம்மாவுக்காக குரூப் எடுக்காதே, கூச்சப்படாமல் கேள்வி கேள் என்று பலவும் சொன்னார்கள். ஆனால் வேறு வேறு படிப்பு படிக்கிற பிள்ளைகள் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "லெவன்த்தை ஒழுங்காப் படிச்சிருக்கணும் சார்."

பொறியியல் முதல் வருடம் முடித்த ஒரு பையன், முதல் செமஸ்டரில் 'மேட்ரிசஸ் அண்டு கால்குலஸ்' தாளில் அரியர் வைத்திருக்கிறான். பன்னிரண்டில் கணக்கில் தொண்ணூறுக்கு மேல் எடுத்தவன். "லிமிட்டுன்னா என்னன்னே தெரியாம டிஃபரன்ஷியேஷன் போட்டுக்கிட்டு இருந்தேன் சார். ஃபார்முலா தெரியும், அது எங்கேயிருந்து வருதுன்னு தெரியாது" என்றான்.

நர்சிங் படிக்கும் பெண்ணுக்கு வேறு சங்கடம். முதல் வருடத்தில் உடற்கூறும் உடலியங்கியலும் வந்ததும் மிரண்டுபோயிருக்கிறாள். செரிமானம், சுவாசம், ரத்த ஓட்டம், கழிவு நீக்கம், நரம்பு மண்டலம் எல்லாம் பதினொன்றாம் வகுப்பு விலங்கியலில் இருப்பவை. பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகம் இனப்பெருக்கம், மரபியல், நோய்த்தடுப்பு, சூழலியல் என்று போய்விடும்.

பி.காம். படிக்கும் பையன் சிரித்துக்கொண்டே சொன்னான்: "கூட்டாண்மைக் கணக்கெல்லாம் பிரமாதமாப் போடுவேன் சார். ஜர்னல் என்ட்ரின்னா எது டெபிட், எது கிரெடிட்னு இன்னும் சந்தேகம்தான்." இரட்டைப் பதிவு முறை, குறிப்பேடு, பேரேடு, இருப்பாய்வு எல்லாம் பதினொன்றாம் வகுப்புக் கணக்குப்பதிவியல்.

இவர்கள் சொன்னதைக் கேட்டு பேத்தியின் பாடப்புத்தகங்களை வாங்கிப் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தின் பொருளடக்கத்தை நீங்களும் ஒருமுறை பாருங்கள். அணிகளின் பயன்பாடுகள், வெக்டர் இயற்கணிதத்தின் பயன்பாடுகள், வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், தொகையிடலின் பயன்பாடுகள் என்று வரிசையாக வருகிறது. பயன்பாடு மட்டும் இங்கே இருக்கிறது. பயன்படுத்த வேண்டிய சரக்கு முழுவதும் பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் படிக்காதவன் பன்னிரண்டில் மனப்பாடம்தான் செய்ய முடியும். மனப்பாடத்துக்கு மார்க் கிடைக்கும். அந்த மார்க் கல்லூரி வாசல் வரைதான் கூட வரும்.

இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். 2007-ல் தமிழ்நாட்டில் தொழிற்படிப்புகளுக்கான நுழைவுத் தேர்வு நின்றது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அது பெரிய நன்மை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அதன் பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மார்க்தான் எல்லாம் என்று ஆகிவிட்டது. பொறியியல் கட்-ஆஃப் 200-ல் கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. மூன்றும் பன்னிரண்டாம் வகுப்பு மார்க்கிலிருந்து. பதினொன்றுக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. தனியார் பள்ளிகள் பலவும் பத்து முடித்த கையோடு பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகத்தைக் கொடுத்து, இரண்டு வருடம் அதையே உருட்டின. பெற்றோரும் அதைக் கெட்டிக்காரத்தனம் என்றே நினைத்தோம்.

இதைத் தடுக்கத்தான் 2017-18 கல்வியாண்டிலிருந்து பதினொன்றுக்கும் பொதுத் தேர்வு வந்தது. முதலில் இரண்டு வருட மார்க்கும் சேர்த்து 1200 என்றார்கள். 2018-ல் உயர்கல்விக்குப் பன்னிரண்டின் 600 மட்டும் போதும் என்று மாற்றினார்கள். தேர்வு மட்டும் தொடர்ந்தது. 2025 ஆகஸ்ட் 8 அன்று முதலமைச்சர் வெளியிட்ட மாநிலக் கல்விக் கொள்கையை ஒட்டி, 2025-26 முதல் அந்தத் தேர்வும் ரத்தாகிவிட்டது.

ரத்து செய்தது தவறு என்று சொல்ல மாட்டேன். பதினைந்து வயதிலிருந்து பதினேழு வயது வரை மூன்று வருடம் தொடர்ந்து பொதுத் தேர்வு என்றால் எந்தப் பிள்ளைக்கும் பாரம்தான். பதினொன்றில் இரண்டு பாடம் போனதோடு பள்ளிக்கே வராமல் நின்றுவிட்ட பிள்ளைகளும் உண்டு. என் மாணவர்களில் சிலர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "பரீட்சை இருந்தாத்தான் சார் பாடம் நடத்துவாங்க" என்று வாதாடினார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பாடம் நடத்தாத பள்ளியைத் திருத்துவதற்குப் பிள்ளையின் தலையில் ஒரு பரீட்சையை வைப்பது என்ன நியாயம்? பள்ளியைக் கேட்க வேண்டியவர்கள் பெற்றோர்களும் கல்வித் துறையும்தான். தேர்வு போய்விட்டதால் அந்தப் பொறுப்பு இப்போது நம் கையில் முழுதாக வந்து நிற்கிறது.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் மருத்துவத்துக்கும், 2021-ல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. கூலி வேலை பார்ப்பவர் வீட்டுப் பிள்ளை நல்ல கல்லூரிக்குள் போக முடிகிறது. உள்ளே போன பிள்ளை முதல் செமஸ்டரிலேயே இரண்டு அரியர் வைத்துக்கொண்டு, "நமக்கு இது சரிப்படாது" என்று மனம் ஒடிந்துவிட்டால் என்ன ஆவது? அந்தப் பிள்ளைக்கு அறிவு குறைவு என்று ஊர் பேசும். அடிப்படைப் பாடம் நடத்தாத ஒரு வருடத்தைப் பற்றி யாரும் பேச மாட்டார்கள்.

நம்ம செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பர்மா, மலேயா என்று கொண்டுவிக்கப் போன காலத்தில் எவ்வளவு பெரிய வீட்டுப் பையனாக இருந்தாலும் முதலில் பெட்டியடிப் பையனாகத்தான் உட்கார வேண்டும். எடுபிடி வேலை செய்து, பணம் எண்ணி, பற்று வரவு எழுதிப் பழகி, அதன் பிறகுதான் அடுத்தாள், மேலாள் எல்லாம். பெட்டியடியில் உட்காராதவனை மேலாளாக அனுப்பினால் கடை என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியும். பதினொன்றாம் வகுப்பு நம் பிள்ளைகளின் பெட்டியடி.

சரி, என்ன செய்யலாம்?

பெற்றோர்களுக்கு: ஜூலை மாதத்தில் பிள்ளையின் நோட்டை வாங்கிப் பாருங்கள். உங்களுக்குப் பாடம் தெரிய வேண்டியதில்லை. எந்த வகுப்புப் புத்தகம் நடக்கிறது என்று அட்டையைப் பார்த்தாலே போதும். காலாண்டுத் தேர்வு வினாத்தாளை வாங்கி, கேள்விகள் எந்தப் புத்தகத்தில் இருந்து வந்தவை என்று பிள்ளையையே காட்டச் சொல்லுங்கள். பன்னிரண்டாம் வகுப்புப் பாடம் நடக்கிறது என்றால் பள்ளியில் போய் மரியாதையாக, ஆனால் உறுதியாகக் கேளுங்கள். அரசுப் பள்ளியில் மேலாண்மைக் குழு இருக்கிறது. அங்கே இதைப் பேசுங்கள்.

பதினொன்று படிக்கும் பிள்ளைகளுக்கு: பள்ளியில் நடத்தவில்லை என்றாலும் புத்தகம் உங்கள் கையில் இருக்கிறது. இல்லாவிட்டாலும் அரசின் இணையதளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். தமிழ் வழியில் படிப்பவர்கள் அதே பாடத்தின் ஆங்கிலப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அணி என்றால் மேட்ரிக்ஸ், எல்லை என்றால் லிமிட், இருப்பாய்வு என்றால் டிரயல் பேலன்ஸ் என்று ஓரத்தில் பென்சிலால் எழுதி வையுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து சொல் போதும். தமிழ் வழியில் படித்து இப்போது கல்லூரியில் இருக்கும் ஒரு பெண் சொன்னாள்: "பாடம் எனக்குத் தெரிஞ்சதுதான் சார். பேர் மாறினதும் புதுசு மாதிரி பயந்துட்டேன்." பன்னிரண்டில் இதற்கெல்லாம் நேரம் இருக்காது. பதினொன்றில் இருக்கிறது.

கல்லூரிப் பிள்ளைகளுக்கு: நான் கேட்ட கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலை உங்கள் பழைய பள்ளியில் போய்ச் சொல்லுங்கள். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது தலைமை ஆசிரியரிடம் ஒரு மணி நேரம் கேட்டு வாங்குங்கள். உங்கள் அரியர் பேப்பரைப் பற்றி வெட்கப்படாமல் பேசுங்கள். நாங்கள் சொன்னால் அறிவுரை என்று கொட்டாவி விடுவார்கள். அதே ஊரில், அதே பெஞ்சில் உட்கார்ந்து படித்த அண்ணனும் அக்காவும் சொன்னால் கேட்பார்கள்.

பணியில் இருக்கும் ஆசிரிய நண்பர்கள் வரும் ஜூனில் பதினொன்றாம் வகுப்பு தொடங்கும்போது இப்படி ஒரு மணி நேரம் ஒதுக்கித் தர முடியுமா என்று யோசியுங்கள். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கத்துப் பள்ளிகள் கேட்டால், என்னிடம் படித்த பிள்ளைகளில் வர விருப்பமுள்ளவர்களைப் பேசி அனுப்பி வைக்கிறேன். சிலர் இப்போதே சரி என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் வீட்டுக் கல்லூரிப் பிள்ளையிடமும் இதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். என்ன சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.